நச்சு விதையும் நலியும் தசையும்

திருக்குறளில் நன்றியில் செல்வம் என்னும் அதிகாரத்தின் எட்டாம் குறள், பிறரால் விரும்பப்படாதவனுடைய செல்வத்துக்கு ஊர் நடுவே பழுத்து நிற்கும் நச்சு மரத்தை உவமையாக்குகிறது. விரும்புதல் என்னும் பொருள் தரும் 'நச்சுதல்' ஒருபுறமும், நஞ்சைக் குறிக்கும் 'நச்சு' மறுபுறமும் நின்று அக்குறளுக்கு அழகு சேர்க்கின்றன. உவமையைச் சற்று உற்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். அம்மரம் நச்சு மரம் என்பது ஊரார்க்குத் தெரியும். தெரிந்தமையாலேயே பழம் பயன்படாமற் போகிறது. அதனால் உயிர்ச்சேதம் நிகழ்வதில்லை. இன்ன மரம் நஞ்சுடையது என்று எவருமே அறியாதிருப்பின் என்ன நேரும்? பசித்த விலங்கும் பசித்த குழந்தையும் அதன் விதையை நச்சி உண்டால் என்ன நேரும்? அண்மைக் காலத்தில் மேலைநாட்டுக் குதிரைகள் வாயிலாகவும், நம் நாட்டுக் குழந்தைகள் வாயிலாகவும் அறிவியலார் கண்டறிந்த விடையை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழகமும் குதிரையும்

குதிரை தமிழ் மண்ணுக்குரிய விலங்கன்று. கடல் வழியாக வந்த விலங்கு. காவிரிப்பூம்பட்டினத்தில் குதிரைகள் கடல் கடந்து வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. பிற்காலப் பாண்டியர் ஆட்சியில் அரபு, பாரசீக நாடுகளிலிருந்து காயல் துறைமுகத்துக்குக் குதிரைகள் பெருமளவில் வந்தன. இவ்வாணிகத்தில் முஸ்லிம் வணிகர் பெரும்பங்கு கொண்டிருந்தனர். குதிரை வீரரைக் குறித்த 'இராவுத்தர்' என்னும் சொல் இன்றும் தமிழ் முஸ்லிம்களில் ஒரு பிரிவினரின் பெயராக நிலைத்திருப்பது அக்காலத்தின் எச்சமாகும். நம் விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சிக் கோட்டையில் 1714ஆம் ஆண்டில் வீழ்ந்த தேசிங்குராசனையும் அவனுடைய உயிர்த்தோழன் மாபத்துகானையும் குதிரையின்றி எண்ணிப் பார்க்க இயலாது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ வியப்பான செய்தி ஒன்றை எழுதிவைத்தார். இந்நாட்டு மன்னர் ஆண்டுதோறும் 2,000 குதிரைகளுக்குமேல் வாங்குகின்றனர். ஆண்டின் முடிவில் நூறு கூட எஞ்சுவதில்லை. குதிரையைப் பேணும் முறையை இங்குள்ளோர் அறியாமையே அதற்குக் காரணம் என்பது அவர் கூற்று. எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். ஆயினும் புது நிலத்துக்கு வந்த விலங்கு, உணவாலும் பேணுதற் குறையாலும் மடியும் என்னும் கருத்து மெய்யானதே. அதே பயணி, சீனத்தின் வடமேற்கு மலைப்பகுதி ஒன்றில் வளரும் நச்சுச் செடியைப் பற்றியும் கூறுகிறார். அதனைத் தின்னும் விலங்கின் குளம்புகள் கழன்று விழும் என்றும், அந்நாட்டு விலங்குகள் அதனை அறிந்து விலக்கும் என்றும், வெளியூர் விலங்குகளே அதற்கு இரையாகும் என்றும் அவர் குறித்துள்ளார். செலினியம் என்னும் தனிமத்தை மண்ணிலிருந்து உறிஞ்சித் தேக்கிவைக்கும் செடியாக அஃது இருக்கலாம் என்று இக்கால ஆய்வாளர் கருதுவர். மேய்ச்சல் நிலத்தின் நஞ்சு பற்றிய பழைய பதிவுகளுள் இது குறிப்பிடத்தக்கது.

காரணம் அறியாத நோய்

ஐரோப்பாவின் குதிரைப் பண்ணைகளில் ஒரு விந்தையான நோய் நெடுங்காலமாக இருந்துவந்தது. முந்திய நாள்வரை புல்வெளியில் துள்ளித் திரிந்த குதிரை மறுநாள் காலையில் விறைத்து நிற்கும். தசைகள் நடுங்கும், வியர்வை பெருகும், தலையைத் தூக்க இயலாது தொங்கவிடும். சிறுநீர் கருந்தேயிலைச் சாறு போன்ற நிறத்தில் வெளிப்படும். பின்னர்த் தரையில் சாய்ந்துவிடும். மூச்சுத் தசைகளும் இதயத் தசைகளும் தளர, பெரும்பாலானவை மூன்று நாள்களுக்குள் இறந்துபோகும். நோயுற்ற நான்கு குதிரைகளில் ஏறத்தாழ மூன்று பிழைப்பதில்லை.

கடும் உழைப்பினால் குதிரைக்குத் தசை நோவு வருவதுண்டு. ஆனால் இந்நோயோ உழைக்காமல் வெறுமனே மேய்ந்துகொண்டிருந்த குதிரைகளுக்கே வந்தது. ஆகவே வழக்கத்துக்கு மாறான தசைநோய் என்று இதற்குப் பெயரிட்டனர். 1940களின் தொடக்கத்திலேயே பிரித்தானியக் கால்நடை மருத்துவர் இத்தகைய நோயைப் பற்றி எழுதினர். 1980களில் ஸ்காட்லாந்திலிருந்து மீண்டும் செய்திகள் வந்தன. 2000ஆம் ஆண்டுக்குப் பின்னர் பெல்ஜியம், ஜெர்மனி, பிரான்சு முதலிய நாடுகளில் இலையுதிர் காலந்தோறும் குதிரைகள் கூட்டமாக மடிந்தன. நச்சுயிரியோ, பூஞ்சையோ, மண்ணிலுள்ள நுண்ணுயிரியோ என்று பலவாறு ஐயுற்றனர். ஒரே வெளியில் மேய்ந்தவற்றுள் ஒன்று மடிய, மற்றொன்று நலமாக இருந்தது. இதனால் குழப்பம் மேலும் மிகுந்தது.

முடிச்சு அவிழ்ந்தது 2012, 2013ஆம் ஆண்டுகளில்தான். அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டெஃபனி வால்பர்க் என்னும் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் நோயுற்ற குதிரைகள் மேய்ந்த வெளிகளை ஆராய்ந்தனர். அவ்வெளிகளில் எல்லாம் பாக்ஸ் எல்டர் என்னும் மேப்பிள் இன மரத்தின் விதைகள் சிதறிக் கிடந்தன. அவ்விதைகளில் ஹைப்போகிளைசின் ஏ என்னும் நஞ்சு இருந்தது. அந்நஞ்சின் சிதைபொருள் குதிரைகளின் குருதியிலும் சிறுநீரிலும் காணப்பட்டது. அடுத்து, பெல்ஜியத்தின் லியேழ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொமினிக் வோசியோன் முதலியோர் ஐரோப்பாவில் இதே நஞ்சு சிக்கமோர் என்னும் மற்றொரு மேப்பிள் மரத்தின் விதையால் வருவதை 2014இல் உறுதிப்படுத்தினர்.

மேப்பிள் நம் சமவெளியில் வளர்வதன்று. அதன் கனிக்கு வேங்கை மரத்தின் கனியைப் போலச் சிறகு உண்டு. காற்றடித்தால் அது சுழன்று சுழன்று நெடுந்தொலைவு சென்று விழும். மரம் வேலிக்கு அப்பால் நின்றாலும் விதை வேலிக்குள் வந்துவிடும். புல் வளமாக இருக்குங்காலத்தில் குதிரை இவ்விதையை நாடுவதில்லை. இலையுதிர் காலத்தில் புல் குறைந்து, நிலம் வெறுமையாகும்போது, கிடைத்ததை உண்ணும். அடுத்த இளவேனிலில் அவ்விதைகள் முளைக்கும்போது அந்நாற்றுகளும் நஞ்சுடையனவாகவே இருக்கின்றன. அவற்றை வெட்டி வெளியிலேயே விட்டுவிட்டாலும் நஞ்சு அகல்வதில்லை.

நஞ்சு செயற்படும் முறை

உயிரினத்தின் உடலை ஓர் அடுப்பாகக் கொண்டால், அதற்கு எரிபொருள் இரண்டு. ஒன்று மாவுப்பொருளிலிருந்து கிடைக்கும் குளுக்கோஸ், மற்றொன்று கொழுப்பு. குளுக்கோஸ் சுள்ளியைப் போல விரைந்து எரியும். கொழுப்போ கட்டையைப் போல நின்று எரியும். நெடுநேரம் நிற்பதற்கும், இடையறாது மூச்சு விடுவதற்கும், ஓயாது இதயம் துடிப்பதற்கும் தசைகள் பெரிதும் கொழுப்பையே நம்பியுள்ளன. கொழுப்பை எரிக்கும் பணி உயிரணுவினுள் உள்ள மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணுறுப்புகளில் சில நொதிகளின் துணையால் நடைபெறுகிறது.

ஹைப்போகிளைசின் உடலுக்குள் சென்று சிதைந்ததும் அந்நொதிகளைப் பற்றிக்கொண்டு செயலிழக்கச் செய்துவிடுகிறது. வீட்டில் விறகு குவிந்திருந்தும் அடுப்பு வாய் அடைபட்டால் உலை கொதிக்குமா? அதுபோலவே கொழுப்பு இருந்தும் எரிக்க இயலாத தசையிழைகள் மடியத் தொடங்குகின்றன. தசைக்குச் செந்நிறம் தருகின்ற மயோகுளோபின் என்னும் புரதம் சிதைந்த இழைகளிலிருந்து கசிந்து குருதி வழியே சிறுநீரில் கலக்கிறது. சிறுநீரின் கருமைக்குக் காரணம் இதுவே.

இந்நஞ்சுக்கு மாற்று மருந்து இதுவரை இல்லை. எரிக்க இயலாத கொழுப்புக்கு ஈடாகக் குளுக்கோஸ் கொடுத்தும், நீர்ச்சத்தைக் காத்தும், அசையாமல் ஓய்வளித்துமே மருத்துவர் போராடுகின்றனர். ஆகவே தடுப்பே தலையாய மருத்துவமாகிறது. விதை விழும் பருவத்தில் மேய்ச்சல் நேரத்தைக் குறைத்தல், வைக்கோல் முதலியவற்றைத் தரையிலிடாமல் தொட்டியில் இடுதல், விதை விழும் பகுதியை வேலியிட்டுப் பிரித்தல் ஆகியவற்றைப் பண்ணையாளர் இப்போது மேற்கொள்கின்றனர்.

ஜமைக்காவும் முசாஃபர்பூரும்

இந்நஞ்சு அறிவியலுக்குப் புதியதன்று. ஜமைக்கா மக்கள் விரும்பி உண்ணும் ஆக்கி என்னும் பழத்தைக் காய்ப் பருவத்தில் உண்டோர் கடும் வாந்தியுற்றுக் குருதியில் சர்க்கரை குன்றி மயங்கி இறந்தனர். அந்நோயின் காரணத்தை ஆராய்ந்த ஹாசல், ரெய்ல் ஆகிய இருவர் 1954இல் ஹைப்போகிளைசினைப் பிரித்தெடுத்தனர். குருதிச் சர்க்கரையைக் குறைப்பது என்னும் பொருளிலேயே அதற்கு அப்பெயர் வந்தது.

ஆக்கி, மேப்பிள், லிச்சி, ரம்புத்தான், நம் பெண்டிர் தலைக்குத் தேய்க்கும் பூந்திக்கொட்டை, தோசை மாவில் அரைத்துச் சேர்க்கும் முடக்கத்தான், குன்றுகளில் வளரும் விராலி ஆகியவை யாவும் தாவரவியலில் ஒரே குடும்பத்தைச் சார்ந்தவை. ஒரே குடும்பம் என்பதாலேயே எல்லாம் நஞ்சுடையவை என்று கொள்ளுதல் பிழை. நல்லவரும் அல்லவரும் ஒரு குடும்பத்தில் பிறப்பது மக்களிடையேயும் உள்ளதுதானே!

பீகார் மாநிலத்து முசாஃபர்பூர், லிச்சிப் பழத்துக்குப் பேர்போன ஊர். அங்கு 1995 முதலாக மே, ஜூன் மாதங்களில் சிறு குழந்தைகள் விடியற்காலையில் வலிப்பும் மயக்கமும் உற்று இறந்துவந்தனர். மூளைக்காய்ச்சல் என்றே பலர் எண்ணினர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நச்சுயிரியல் துறையை வளர்த்த மருத்துவர் டி. ஜேக்கப் ஜான், லக்னோ நச்சியல் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த முகுல் தாசுடன் இணைந்து, இது நச்சுயிரியால் வருவதன்று, லிச்சியிலுள்ள நஞ்சால் வருவதாகலாம் என்று 2014இல் எழுதினார். அதே ஆண்டில் இந்திய, அமெரிக்க ஆய்வாளர் அவ்வூரின் இரண்டு மருத்துவமனைகளில் சேர்ந்த 390 குழந்தைகளை ஆராய்ந்தனர். அவர்களுள் 122 பேர் இறந்தனர். ஹைப்போகிளைசினும் அதனையொத்த மற்றொரு நஞ்சும் லிச்சியில் இருப்பதையும், அவற்றின் சிதைபொருள்கள் நோயுற்ற குழந்தைகளின் சிறுநீரில் இருப்பதையும் அவர்கள் கண்டு, 2017இல் வெளியிட்டனர்.

அவர்கள் கண்ட மற்றோர் உண்மை நம் நெஞ்சைத் தொடுவது. லிச்சி உண்ட குழந்தைகள் எல்லாரும் நோயுறவில்லை. பகலெல்லாம் தோப்பில் பழம் பொறுக்கித் தின்றுவிட்டு, இரவு உணவு உண்ணாமல் உறங்கிய குழந்தைகளே பெரிதும் நோயுற்றனர். இரவில் உணவில்லாத உடல், சேமித்த சர்க்கரை தீர்ந்தபின் கொழுப்பை நாடும். அவ்வழியை நஞ்சு அடைத்துவிடுகிறது. நலிந்த குழந்தையின் கல்லீரலில் சர்க்கரைச் சேமிப்பு சிறிதே ஆதலால், விடியுமுன் மூளை பட்டினியால் வாடுகிறது. குதிரையில் தசையைத் தாக்கிய அதே நஞ்சு, குழந்தையில் மூளையை வீழ்த்துவது இவ்வாறே. ஒருவேளை இரவு உணவும், மருத்துவமனையில் உடனடியாக ஏற்றப்படும் குளுக்கோசும் உயிர்காக்க வல்லவை என்று அறிந்து அறிவுறுத்தப்பட்டபின் நோய் குறைந்தது. ஆயினும் 2019இல் அங்கு மீண்டும் 150க்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டனர். அறிவு மட்டும் போதாது. அது ஏழையின் அடுப்பங்கரை வரை சென்று சேரவேண்டும் என்பதை இது காட்டுகிறது. நஞ்சு பழத்தில் இருந்தது. அதற்கு வழி திறந்துவிட்டது வறுமை.

பேயாவிரை தரும் பாடம்

முசாஃபர்பூருக்கு முன்னரே மேற்கு உத்தரப் பிரதேசத்தின் பிஜ்னோர் பகுதியில் இதனையொத்த ஒரு நிகழ்ச்சி உண்டு. அங்கும் மழைக்காலம் முடிந்து குளிர்காலம் தொடங்கும் பருவத்தில் சிறு குழந்தைகள் மயங்கி இறந்தனர். அங்கும் மூளைக்காய்ச்சல் என்றே கூறினர். குழந்தை மருத்துவர் விபின் வசிஷ்டா, ஜேக்கப் ஜான் முதலியோர் நோயைத் துருவியபோது, மூளையோடு கல்லீரலும் தசைகளும் கெட்டிருப்பதைக் கண்டனர். குழந்தைகள் வழியோரச் செடி ஒன்றின் காய்களைத் தின்றமை பின்னர்த் தெரியவந்தது. 2007இல் அவர்கள் அச்செடியே காரணம் என்று வெளியிட்டனர். அச்செடி நாம் பேயாவிரை என்றும் பொன்னாவிரை என்றும் வழங்குவதாகும்.

இதே செடியின் விதை தீவனத்தில் கலந்தால் மாடு, குதிரை, பன்றி ஆகியவற்றின் தசைகள் அழிவதை 1960களிலிருந்தே அமெரிக்கக் கால்நடை மருத்துவர் எழுதிவந்துள்ளனர். நோயுற்ற மாடு கண்விழித்து, காது நிமிர்த்தி, தெளிவோடு இருக்கும். ஆனால் எழுந்து நிற்க இயலாது. விலங்கு மருத்துவர் அறிந்திருந்ததைக் குழந்தை மருத்துவர் அறிவதற்கு நாற்பது ஆண்டுகள் ஆயின. துறைகளுக்கிடையே உள்ள சுவர் எத்துணை உயிர்களைக் கொள்ளைகொள்ளும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

பேயாவிரை நம் மருத்துவத்தில் பயன்படும் மூலிகையே. ஆயினும் மருந்தாவதும் நஞ்சாவதும் அளவையும் பதத்தையும் பொறுத்தவை. மூலிகை என்னும் பெயர் கேட்டதும் அச்சமின்றி உண்பது அறிவுடைமை ஆகாது.

நம் மேய்ச்சல் நிலம்

புளியங்காடு என்னும் பொருள்தரும் திந்திரிணி வனமே திண்டிவனம் ஆயிற்று என்பர். மரத்தால் பெயர்பெற்ற ஊர் அது. இன்று திண்டிவனத்திலிருந்து மரக்காணம் வரையிலும், விழுப்புரத்தைச் சுற்றியுள்ள ஏரிக்கரைகளிலும் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் சீமைக் கருவேல மரமே. 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்ற கழுவேலிச் சதுப்பு நிலத்தையும் அது விட்டுவைக்கவில்லை. சென்னை மாகாண வனத்துறை அதிகாரியான பெடோம் கேட்டுக்கொண்டதன்பேரில் 1877இல் ஜமைக்காவிலிருந்து இதன் விதை இந்தியாவுக்கு வந்தது. ஆக்கியின் நஞ்சு கண்டறியப்பட்ட அதே தீவிலிருந்து இது வந்தமை ஒரு தற்செயலே.

இதன் காய் இனிப்புடையது. கோடையில் புல் கருகியபின் ஆடும் மாடும் இதனையே நாடுகின்றன. சிறிதளவு உண்பதால் தீங்கில்லை. நல்ல தீவனமும் ஆகும். ஆனால் பிரேசில் நாட்டின் வறண்ட வடகிழக்குப் பகுதியில், பல வாரங்கள் இக்காயையே முதன்மை உணவாகக் கொண்ட மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் முகக்கோணல் என்று அந்நாட்டார் அழைக்கும் நோய் வந்தது. தாடைத் தசைகள் நடுங்கி மெலியும். மென்ற தீவனம் வாயிலிருந்து விழும். தலையைச் சாய்த்துச் சாய்த்து அசைபோடும். நாளடைவில் எலும்பும் தோலுமாகி மடியும். இங்கு நஞ்சு தாக்குவது தசையை அன்று. தாடைத் தசையை இயக்கும் நரம்பணுக்களை. இயக்குவோன் வீழ்ந்தமையால் தசையும் வீழ்கிறது.

நம் மாவட்டத்தில் இந்நோய் பரவியுள்ளது என்று கூறுவது இக்கட்டுரையின் கருத்தன்று. அதே மரமும் அதே வறட்சியும் இங்கும் இருத்தலால், அறிந்திருத்தல் நலம் என்பதே கருத்து. ஆடு வளர்ப்போர் காயை மட்டுமே தீவனமாக்காமல் வைக்கோலும் தழையும் கலந்து கொடுக்கவேண்டும். காயை விதையோடு அரைத்துக் கொடுத்தால் சாணத்தின் வழியே விதை பரவுவதும் நிற்கும். கால்நடை எழமுடியாமற் போனாலோ, மெல்ல இயலாது தவித்தாலோ, சிறுநீர் கருத்தாலோ, அரசு கால்நடை மருத்துவரிடம் சென்று, அது மேய்ந்த இடத்தின் காய், விதைகளையும் உடன்கொண்டு காட்டவேண்டும்.

பெயரே முதல் அறிவு

செடிகொடிகளுக்கு நம் முன்னோர் இட்ட பெயர்களை ஆராய்ந்தால் ஒரு முறை தெரிகிறது. பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு, பேய்ப்புடல், பேய்க்குமட்டி, பேயாவிரை என வருவனவற்றுள் 'பேய்' என்னும் அடைமொழி, பார்ப்பதற்கு உண்ணத்தக்கதுபோல் தோன்றினும் அவ்வாறு உண்ணலாகாதது என்னும் எச்சரிக்கையைத் தாங்கி நிற்கிறது. தலைமுறை தலைமுறையாக உண்டு பார்த்தும் நோயுற்றும் பெற்ற பட்டறிவு, ஈரெழுத்தில் அடக்கப்பட்டுள்ளது. பேயாவிரையும் அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்ததே என்பர் தாவரவியலார். ஆயினும் நெடுநாட் பழக்கத்தால் நம் மக்கள் அதன் இயல்பை அறிந்து பெயரிட்டுவிட்டனர். 'சீமை' என்னும் அடைமொழியோ அத்தகையதன்று. அது மரம் எங்கிருந்து வந்தது என்பதை மட்டுமே கூறும். எத்தகையது என்பதைக் கூறாது. அது நாம் இன்னும் முழுமையாக அறியாத மரம் என்பதையே அப்பெயர் உணர்த்துகிறது.

பிஜ்னோரில் குழந்தைகள் மாண்ட காலத்தில் அச்செடிக்கு அவ்வூரில் பெயர் இல்லாமல் இல்லை. பெயரை அறிந்த பாட்டியும், காயைப் பறித்த பெயரனும், நோயைக் கண்ட மருத்துவரும் ஒருவரோடொருவர் பேசாமையே குறை. நம் மாணவருள் பலர் ஆடுமாடு வளர்க்கும் குடும்பங்களிலிருந்து வருகின்றனர். அவர்கள் வகுப்பில் முல்லைத் திணையின் கருப்பொருளைக் கற்பதோடு நின்றுவிடாமல், தம் ஊர் ஏரிக்கரையிலும் மந்தைவெளியிலும் வளர்வனவற்றின் பெயரையும் இயல்பையும் பெரியோரிடம் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். எந்தக் காயைக் கால்நடை எந்த மாதத்தில் தின்கிறது, எதைத் தின்றால் நலிகிறது என்று பெரியோர் கூறுவதையும் உடன் குறித்தல் வேண்டும். ஊர்ப் பெரியோரும் தாம் அறிந்ததைக் கேட்போர்க்குத் தயங்காது சொல்லவேண்டும். தமிழ் மாணவர் தொகுக்கும் அத்தகைய சொற்பட்டியல் கால்நடை மருத்துவருக்கும் குழந்தை மருத்துவருக்கும் பயன்படும். ஊர் நடுவே நிற்பது நச்சு மரம் என்று அறிந்து சொல்வதற்கு ஒருவர் இருப்பின், அம்மரத்தால் ஊருக்குக் கேடில்லை.